புருனோவின் வாயில் இருந்த மீன்

படுக்கையும் அடுப்பும் பொருத்திய வான் வண்டியில், எங்கள் இரண்டு நாய்களோடு நானும் கணவரும் ஊர் சுற்றுவது வழக்கம். அன்று காலை அரிப்பு என்ற ஊரின் கடற்கரையில் வானை நிறுத்தி, புருனோவை மட்டும் அவிழ்த்துவிட்டேன். கரைவலை இழுத்து முடிந்திருந்தது. வேண்டாமென்று கழித்துப் போட்ட மீன்கள் மணலில் கிடந்தன. அவன் ஓடிப்போய் ஒன்றைக் கவ்வினான்.

வலை இழுத்தவர்களில் ஒருவர் கத்திக்கொண்டே ஓடிவந்து, தடியால் அவன் முதுகில் ஓங்கி அடித்தார். வானுக்குள் கட்டியிருந்த மற்ற நாய் டோரா வெறிபிடித்ததுபோல் குரைத்தாள்.

"வாயில்லாச் சீவனுக்கு இப்பிடியோ அடிக்கிறது? நீங்கள் மனுசரோ?" என்று நான் கூச்சலிட்டேன்.

அவர் அதைக் காதில் வாங்கவேயில்லை. அடிவாங்கியும் புருனோ மீனை விடவில்லை. அவனை மணலில் அமுக்கி, வாய்க்குள் கையை விட்டார். அவன் கடித்தான். இரத்தம் வடிந்தது, அவர் கையை எடுக்கவில்லை. கடைசியில் வெளியே வந்தது, வயிறு ஊதிய ஒரு சின்ன மீன்.

"பேத்தை மீன், அக்கா. சரியான நஞ்சு. இஞ்சத்த நாயள் மணந்தும் பாராது. உங்கட நாய்க்கு எப்பிடித் தெரியும்? நல்லகாலம், மீன் முழுசா இருக்கு."

நாய்களுக்கென்று வைத்திருந்த மருந்துப் பெட்டியை அவர் கைக்காகத் திறந்தேன்.

"ஊசி போட்ட நாய்தானே?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

கட்டுப் போட்டு முடியும்வரை புருனோ அவர் காலடியிலேயே படுத்திருந்தான். என்னால்தான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.