குடிலில் நிற்கும் லோரி

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் சூசையப்பருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் லோரி நிற்கும். சின்னவன் நான்கு வயதில் கொண்டுவந்து வைத்த விளையாட்டு லோரி. பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வரும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும்.

மகன்கள் இருவருக்கும் மீசை முளைத்துவிட்டதே என்று, இந்த வருடம் லோரியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு நானே குடிலை ஒழுங்காக வைத்தேன். இருவரும் கைப்பேசியும் கையுமாக சோபாவில் கிடந்தார்கள்.

"ஒருத்தராவது நிமிர்ந்து குடிலைப் பாக்குறீங்களா?" என்று கத்தினேன்.

பெரியவன் தலையைத் தூக்கவில்லை. "பாத்தாச்சு மா. லோரி எங்க?"

"இன்னும் சின்னப் பிள்ளைங்களா நீங்க?"

"அதுக்கு? எடுத்துக் குடு லா. தம்பிதான் வைக்கணும்."

சின்னவன் எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து லோரியை எடுத்தான். அப்பாவைவிட உயரமாகிவிட்ட பையன், மண்டியிட்டுக் குடிலுக்குள் கையை விட்டான். முழங்கை பட்டு இரண்டு ஆடுகள் விழுந்தன.

"மாடு இடிக்குது மா" என்றான், புதிதாக வந்திருக்கும் அந்தக் கட்டைக் குரலில்.

மாட்டை நானே கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.