ஒட்டுப் போட்ட ரவிக்கை

ஸ்ரீரங்கத்தில் ஒரு ஸ்டூடியோவை மூடியபோது, குப்பைக்குப் போகவிருந்த இந்தப் படத்தைக் கேட்டு வாங்கி வந்தேன். பட்டுப்புடவை, நாற்காலியில் சாய்ந்த முழங்கை, பக்கத்து மேசையில் கத்தரிக்கோல். திருச்சியில் ரவிக்கை தைக்கும் கடை வைத்துப் பேர் வாங்கிய அம்மாள். அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் நம்புவதில்லை.

நாங்கள் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலம். எனக்குப் பத்து வயது. அம்மாவுக்கு உடம்போடு பொருந்திய ரவிக்கை ஒன்றே ஒன்றுதான், தானே தைத்தது. துணி பற்றாமல் போனதால் கை நுனியில் வேறு நிறத்தில் ஒரு பட்டை ஒட்டி, ஒட்டு தெரியாதிருக்க அதன்மேல் மூன்று சின்ன மடிப்பு வைத்திருந்தாள். அதை அளவுக்குக் கொடுத்து இந்த அம்மாளின் கடையில் புதுசு ஒன்று தைக்கப் போட்டாள். புதுசு வந்தது, அளவு ரவிக்கை வரவில்லை.

"துணிக்குள்ள எங்கயோ கெடக்குங்க அக்கா, அடுத்த வாரம் வாங்க" என்று கடைக்காரம்மா மூன்று வாரம் இழுத்தாள். தேடுகிறவள் ஒரு தடவையாவது குனிந்து பார்க்கமாட்டாளா? உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போனோம். ஸ்டூடியோ வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இந்தப் படம். அதே பட்டை, அதே மூன்று மடிப்பு.

"அம்மா, உன் ரவிக்கையை அந்தம்மா போட்டிருக்கு!" என்று கத்திவிட்டேன்.

மறுநாளே கடைக்குப் போனோம். "ஐயோ, அது உங்களது இல்லைங்க. உங்களதைப் பாத்து நான் தைச்சது" என்று சிரித்தபடியே ஒரு பழுப்புக் காகிதச் சுருளை விரித்தாள். அம்மாவின் ரவிக்கை தையல் பிரிக்கப்பட்டு, முதுகு தனியாக, கை தனியாகக் குண்டூசி குத்திக் கிடந்தது. "பழையபடி மூட்டித் தந்துடறேங்க."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள் அம்மா. அவ்வளவுதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதிகூட அவளுக்கு வராதது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மூட்டி வந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு அம்மா தண்ணீர் பிடிக்கப் போனாள். அதற்குள் குவார்ட்டர்ஸில் பாதிப் பெண்களின் ரவிக்கைக் கையில் அந்தப் பட்டை ஏறியிருந்தது. குழாயடியில் எதிர்வீட்டு அக்கா உற்றுப் பார்த்தாள்.

"அந்தக் கடை மோஸ்தரைப் பாத்து நீங்களே தைச்சுக்கிட்டீங்களா? தேவலையே, அப்படியே இருக்கே!"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையை அழுத்தினாள். "ஆமாங்க, பாத்துத்தான் தைச்சேன்."

வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றிப் பெட்டியின் அடியில் வைத்தாள். பிறகு போடவே இல்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"படம் அவளோடதுதானேடி தொங்குது" என்றாள்.