நம்பிக்கையை அளக்கப் போன இடத்தில்

நார்வே நாட்டு மக்கள் தங்கள் அரசு அலுவலகங்களை ஏன் இவ்வளவு நம்புகிறார்கள் என்று ஆராயத்தான் நான் மதுரையிலிருந்து ஓஸ்லோவுக்கு வந்தேன். எங்கள் ஊரில் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால், தாலுகா அலுவலகத்தில் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்று அப்பா முதலில் விசாரிப்பார். பிறகுதான் சட்டையை மாட்டுவார். அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவனை அழைத்து, நம்பிக்கையை ஆராயச் சம்பளமும் கொடுத்தார்கள்.

என் பேராசிரியை நல்ல மனுஷி. "இங்கே தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள். நீயும் தமிழன். உன்னிடம் மனம்விட்டுப் பேசுவார்கள்" என்றார். அவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், நான் வாயைத் திறந்ததுமே "இந்தியாவோ?" என்று கேட்டுவிடுவார்கள் என்று விளக்கிப் பார்த்தேன். "மொழி ஒன்றுதானே?" என்றார். ஒன்றுதான் என்று சொல்லிவிட்டேன்.

பேட்டிக்கு ஆள் தேவை என்று பல்கலைக்கழகத்திலும் கோயிலிலும் அறிவிப்பு ஒட்டினேன். யாரும் அழைக்கவில்லை. கடைசியில் நகரின் ஓரத்திலுள்ள மோர்டென்ஸ்ருட்டில் ஓர் அக்கா சம்மதித்தார். முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவர். அவருடைய வரவேற்பறையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டு, தயாரித்து வந்த கேள்விகளைக் கேட்டேன்.

"அரசு அலுவலகங்களை எவ்வளவு நம்புறீங்க அக்கா? பத்துக்கு எத்தனை மார்க் போடலாம்?"

"பத்து."

"போலீஸ்?"

"பத்து."

"வரி ஆபீஸ்?"

"அதுக்கும் பத்தே போடுங்கோ தம்பி. பாவங்கள்."

"ஒரு காரியம் நடக்கணும்னா ஆபீஸ்ல தெரிஞ்சவங்க யாராச்சும் வேணுமா?"

"சீச்சீ. இஞ்சை அப்பிடியெல்லாம் இல்லை. எல்லாம் சட்டப்படி."

கருவியை அணைத்தேன். தேநீரும் ரோல்ஸும் வந்தன. நான் இரண்டாவது ரோல்ஸைக் கடிக்கும்போது அக்கா கேட்டார்: "தம்பி, வியாழக்கிழமை உங்களுக்கு வேலையோ?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவருடைய கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கால் இழுபட்டது. டாக்ஸியில் மலிவாகப் போய்வர அரசு தரும் அட்டைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். ரயில் நிலையம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் தேவையில்லை என்று பதில் வந்திருந்தது.

"பக்கம்தான். ஆனால் வீடு மேட்டிலை. இறங்கிப் போவார் தம்பி. ஏறி வர ஏலாது" என்றார் அக்கா. "மேன்முறையீடு போட்டனாங்கள். வியாழக்கிழமை வரச்சொல்லி இருக்கினம். நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம். சும்மா பக்கத்திலை இருந்தாக் காணும்."

ஆய்வாளர் எதிலும் தலையிடக் கூடாது என்று எங்களுக்குத் தனியாக வகுப்பே எடுத்திருந்தார்கள். ஆனால் ஒரு நாற்காலியில் உட்கார்வதைத் தலையீடு என்று எந்தப் பாடமும் சொல்லவில்லை. நேரில் கவனிப்பது மதிப்புக்குரிய ஆய்வுமுறைகூட. போனேன்.

அலுவலகத்தில் எங்களை அழைத்து உட்காரவைத்த இளைஞர், என்னைப் பார்த்து நீங்கள் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். உண்மையைச் சொன்னேன். பல்கலைக்கழக ஆய்வாளர். மக்கள் அரசு அலுவலகங்களை எவ்வளவு நம்புகிறார்கள் என்று ஆராய்கிறேன். இன்று சும்மா பார்க்க வந்தேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கூடவே பிரிவுத் தலைவியும் வந்தார், காபியும் வந்தது. தலைவி எல்லோருக்கும் கைகொடுத்தார். முதலில் எனக்கு.

அக்காவின் கணவரிடம், நிலையத்திலிருந்து வீட்டுக்கு எப்படி வருவீர்கள் என்று நார்வேஜியனில் கேட்டார். அந்த அளவு நார்வேஜியன் எனக்கும் புரியும். அந்த மனிதர் சொற்களைத் தேடித் தேடிப் பேசினார்.

"கொஞ்சம் நடப்பேன். நிற்பேன்."

"பிறகு?"

"பிறகும் நிற்பேன்."

தலைவி இளைஞரிடம் திரும்பினார். "அந்தப் பாதையை யாராவது போய்ப் பார்த்தீர்களா?"

"வரைபடத்தில் பார்த்தோம்."

"வரைபடத்தில் மேடு தெரிந்ததா?"

இளைஞர் சிவந்துபோனார். நான் காபியைக் குடித்தேன்.

அட்டை விரைவிலேயே வந்தது. அது மேட்டினால் கிடைத்ததா, என்னால் கிடைத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்காவுக்கு அந்தச் சந்தேகமே இல்லை. கோயிலில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். அதன் பிறகு என் தொலைபேசி ஓயவில்லை. நகரின் மறுகோடியில் ரொம்மனிலிருந்து அழைத்தார்கள். ஸ்தவாங்கரிலிருந்து ஒருவர், பேட்டி கொடுக்க விமானம் ஏறி வரவும் தயார் என்றார். எல்லோருக்கும் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஏதோ ஒன்று நிலுவையில் இருந்தது: ஒருவருக்கு ஓய்வூதியம், ஒருவருக்கு வீட்டை ஒட்டிக் கார் கொட்டகை கட்ட அனுமதி. கேள்விகளை முடிக்கக்கூட விடவில்லை. "எல்லாத்துக்கும் பத்துப் போடுங்கோ தம்பி. அங்கை எப்ப வருவியள்?"

சிபாரிசே தேவைப்படாத நாட்டை ஆராய வந்த நான், அந்த நாட்டின் சிபாரிசாக ஆகியிருந்தேன்.

அக்காவிடமே மறுபடி போய்க் கேட்டேன். "காரியம் நடக்கத் தெரிஞ்சவங்க வேண்டாம்னு சொன்னீங்களே?"

"ஓம், வேண்டாம்தான்."

"அப்ப என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

"நீங்கள் அங்கை ஆருக்கும் தெரிஞ்ச ஆள் இல்லையே" என்றார், நான் எப்படிப் படித்துத் தேறினேன் என்ற வியப்போடு.

ஆய்வு பாழாகிவிட்டது என்று பயந்துகொண்டே பேராசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிபாரிசு என்ற சொல்லை விளக்கத்தான் நேரம் பிடித்தது. அவர் முகம் மலர்ந்தது. "அது இங்கேயும் உண்டு. நாங்கள் அதைத் தொடர்புவட்டம் என்போம். எனக்கு இந்த வேலை கிடைத்ததே அப்படித்தான்" என்றார். பிறகு, விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்களை எல்லாம் ஆய்விலிருந்து நீக்கிவிடச் சொன்னார். நீக்கினேன். மிஞ்சியவர்கள் மிகச் சிலர். அவர்களுக்கு அலுவலகங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. ஆய்வேட்டில் நடந்ததெல்லாம் ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கியது: ஆய்வாளரின் இருப்பு சில முடிவுகளை ஓரளவு பாதித்திருக்கலாம். தேர்வாளர்கள் அந்த அடக்கத்தைப் பாராட்டினார்கள்.

அடுத்த குளிர்காலத்தில், பனி உறைந்து வழுக்கிய ஒரு நாள், கடை வாசலில் அக்காவின் கணவர் டாக்ஸியிலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். ஓடிப்போய்க் கைகொடுத்தேன். அட்டை உதவியாக இருக்கிறதா என்று கேட்டேன். என்னோடு அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"டாக்ஸி நல்லது" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "டாக்ஸி ஓடுறவன் எங்கடை ஆள். வாய் ஓயாமல் கதைக்கிறான். அதுக்கு ஆரிட்டை மனுப்போடுறது?"