படுக்கை விரிப்பும் அலி–டைசன் சண்டையும்

சலவைக்கூடத்தில் அவரைக் கொடிக்கம்பம் என்றுதான் கூப்பிடுவார்கள். கதாநாயகனுக்கு உரிய அம்சங்களில் உயரம் ஒன்றை மட்டுமே ஆண்டவன் அவருக்கு அளந்து கொடுத்திருந்தான். காதலும் இல்லை, கல்யாணமும் இல்லை. பெரிய ஹோட்டல் ஒன்றின் அடித்தளத்தில், ஆவியில் ஊறிய சுவர்களுக்கு நடுவே படுக்கை விரிப்பு மடிப்பதே அவருடைய ஆயுள் உத்தியோகம்.

இரட்டைக் கட்டில் விரிப்பை ஓர் ஆள் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, விறைப்பாக இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். பிறகு பின்னால் போக வேண்டும். மறுபடி வர வேண்டும். எதிர்முனை பிடித்தவர் அவருடைய தங்கையின் கணவர். குட்டையாக, உருண்டையாக இருப்பார். அவருக்குப் பீப்பாய் என்று பெயர். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றே அழைத்துக்கொள்வார்கள்.

இந்தப் போக்குவரத்தே குத்துச்சண்டை மேடையைப் போலிருந்ததாலோ என்னவோ, ஊழியர் அறைத் தொலைக்காட்சியில் பழைய சண்டைகளைப் பார்த்த நாள் முதல் அவர்களுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. முகமது அலியும் மைக் டைசனும் அவரவர் உச்சத்தில் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? காலம் சேர்த்து வைக்காத இருவரை இவர்கள் விரிப்பின் மேல் சேர்த்து வைத்தார்கள். நெட்டையர் அலி கட்சி. குட்டையர் டைசன் கட்சி. இருவருமே கையுறையைத் தொட்டதுகூட இல்லை.

அவர்களே வகுத்துக்கொண்ட விதிப்படி நெருங்கி வரும்போது மட்டும்தான் பேசலாம், பின்னால் போகும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒரு விரிப்பு, ஒரு சுற்று.

"மணி அடிச்சதும் டைசன் உள்ள பூந்துடுவான் மச்சான். உன் ஆளு காலை அசைக்கறதுக்குள்ள படுத்துடுவான்."

"பூந்து எதை அடிப்பான், காத்தையா? அலி அங்க இருந்தாத்தானே."

"ஓடிக்கிட்டே இருக்கறவன் ஜெயிச்சவன்னா, தபால்காரர்தான் உலக சாம்பியன்."

"ஃபோர்மன் எவ்ளோ பெரிய மலை. கயித்துல சாஞ்சுகிட்டு, அடி அடின்னு விட்டே அவனைக் களைக்க வெச்சவன் அலி. அஞ்சாவது சுத்துல உன் ஆளுக்கு நாக்கு தள்ளும்."

"அஞ்சாவது சுத்தா? அதுக்குள்ள டைசன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியே இருப்பான்."

மேற்பார்வை பார்க்கும் அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். "எப்படி வேணா குத்திக்குங்க. விரிப்பைத் தரையில விட்டீங்கன்னா அப்புறம் நான் குத்துவேன்."

தரையில் பட்ட விரிப்பை, அழுக்கானாலும் ஆகாவிட்டாலும், மறுபடி துவைக்க வேண்டும் என்பது அந்தக் கூடத்தின் சட்டம். இவர்கள் கையிலிருந்து ஒன்றுகூட விழுந்ததில்லை.

பீப்பாயின் மனைவி காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று பீப்பாய் முனைகளைப் பிடித்துக்கொண்டு நெருங்கி வந்தார். கண் சிவந்திருந்தது. கொடிக்கம்பம் தங்கையின் பேச்சை எடுக்காமல் சண்டைப் பேச்சையே எடுத்தார்.

"மச்சான், அந்தக் காலத்துச் சாம்பியன் ஜோ லூயிஸ் வாலிபத்தோட வந்து நின்னா டைசன் என்ன பண்ணுவான்?"

இரண்டு விரிப்புகள் மடிந்த பிறகே பதில் வந்தது. "லூயிஸோட இடது கை சும்மா இருக்காதுதான். ஆனா டைசன் தலை ஒரு இடத்துல நிக்காதே."

அதுதான் அந்தக் குடும்பத்தில் நடந்த துக்க விசாரிப்பு. அதன் பிறகு ஒரே வீட்டில், மாடியில் ஒருவரும் கீழே ஒருவருமாக வாழ்ந்தார்கள். சண்டையைத் தவிர வேறு எதுவும் பேசியதாகத் தெரியவில்லை.

இருவரும் ஓய்வு பெற்றதும், வெளியூரிலிருந்து பீப்பாயின் மகள் வந்தாள். அப்பாவை நிரந்தரமாகத் தன்னோடு அழைத்துப் போகப்போவதாகச் சொன்னாள்.

"மாமா, நீங்க தனியா இருந்துப்பீங்கல்ல?"

"எனக்கென்னம்மா," என்றார் கொடிக்கம்பம்.

போக வேண்டாம் என்று மச்சான் ஒரு வார்த்தை சொல்வாரா என்று பீப்பாய் மூன்று நாள் காத்திருந்தார். அந்த வார்த்தை கொடிக்கம்பத்தின் தொண்டை வரை வந்து வந்து திரும்பிப் போனது.

கிளம்பும் நாளில் வண்டி வாசலில் நின்றது. பெட்டியில் வைக்க வேண்டியது இன்னும் ஒன்றுதான் பாக்கி, இரட்டைக் கட்டில் விரிப்பு. "இதை மட்டும் மடிச்சுக் குடுத்துடுங்க," என்றாள் மகள். இருவரும் பழக்கத்தில் முனைகளைப் பிடித்தார்கள். உதறினார்கள். நெருங்கி வந்தார்கள்.

மச்சானை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று கொடிக்கம்பம் முந்தின நாளே முடிவு செய்திருந்தார். தன்னிடம் இருந்த ஒரே சொத்தை எடுத்து நீட்டினார்.

"யோசிச்சுப் பாத்தேன் மச்சான். டைசன்தான் ஜெயிப்பான். நாலாவது சுத்துலயே. நீ சொன்னதுதான் சரி."

பீப்பாயின் முகம் வெளுத்தது. "அவ போனப்பக்கூட நீ அலியை விட்டுக் குடுக்கலையே. இன்னிக்கு நான் கிளம்பறேன்னதும் கைகழுவறியா?"

விரிப்பு அவர் விரல்களிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"அப்ப அலிக்குன்னு யாரு இருக்கா?" என்றார் பீப்பாய். "சரி, நான் இருக்கேன். நாலாவது சுத்துல எப்படி விழுவான்? சொல்லு, கேப்போம்."

கொடிக்கம்பம் திணறினார். "விலாவுல ஒண்ணு…"

"விலாவா? அங்க வர விடுவானா? அலி கை எவ்ளோ நீளம் தெரியுமா உனக்கு? இத்தனை வருஷம் அவன் கட்சியில இருந்து என்னத்தக் கத்துக்கிட்ட?"

வாசலில் ஹாரன் கேட்டது. மகள் குனிந்து விரிப்பை எடுத்து உதறினாள். "அப்பா, அப்புறம் சண்டை போட்டுக்கலாம். இதைப் பெட்டில வைங்க."

"தரையில பட்டுடுச்சும்மா. மறுபடி தொவைக்கணும்," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"ஒரு தூசிகூட இல்லையே?"

"சட்டம்மா அது," என்றார் தந்தை.

"இப்பத் தொவைச்சா இன்னிக்குக் காயாதே."

பீப்பாய் மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை வார்த்தை தொண்டையிலிருந்து திரும்பிப் போகவில்லை.

"காயாது," என்றார் கொடிக்கம்பம். "நீ இங்கயே இருந்துடேன் மச்சான்."

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வண்டியைத் திருப்பி அனுப்ப வாசலுக்குப் போனாள்.

விரிப்பு மறுநாள் காலையிலேயே காய்ந்துவிட்டது. மகள் ஒரு வாரம் இருந்துவிட்டுத் தனியாக ஊர் திரும்பினாள். கொடிக்கம்பம் இப்போது டைசன் கட்சி. கட்சிக்குப் புதிது என்பதால் அடிக்கடி தோற்கிறார்.