ஏலத்துக்கு வந்த வயலின்

பாளையங்கோட்டையில் எபியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் வயலினைக் கேட்காதவர்கள் குறைவு. அலுவலகத்தில் குமாஸ்தா, ஞாயிறானால் சர்ச்சில் பாடகர் குழுவின் வயலின். அப்படிப்பட்ட மனுஷனுக்குக் கழுத்தில் பிடித்த வலி தோளுக்கு இறங்கி, வலது கை மேலே எழும்பாமலே போயிற்று. வில்லைப் பிடிக்க முடியவில்லை.

"நாடிக்கு அடியில கட்டைய இடுக்கினா கழுத்து என்னத்துக்கு ஆகும்?" என்று ஊரே வயலின்மேல் பழி போட்டது. எபியும் நம்பி, அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கை சும்மா இருக்குமா? போனை எடுத்தது. கிரிக்கெட், குழுச் செய்தி, யாரோ எங்கோ மீன்குழம்பு வைக்கிற காட்சி என்று குனிந்த தலை நிமிரவில்லை. வலியும் விடவில்லை.

அவர்கள் சர்ச்சின் ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கையாக வரும் சேவல், வாழைத்தார் எல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்குப் போகும்; பணம் சர்ச்சுக்கு. "வாசிக்க முடியாத வயலின் எனக்கெதுக்கு? ஆண்டவருக்கே போகட்டும்" என்று வெறுத்துப்போய் எபி அதைக் காணிக்கை வைப்பதாக நேர்ந்து பொருத்தனை செய்துவிட்டார். பொருத்தனை செய்தால் செய்ததுதான்.

அதற்குப் பிறகுதான் மனைவி ஜெசி அவரை வண்ணார்பேட்டையில் பிசியோதெரபி பார்க்கும் ஷஃபீகாவிடம் இழுத்துப் போனாள். எபி போனுக்குள் தலையை விட்டபடி காத்திருந்ததை ஷஃபீகா வாசலில் நின்றே பார்த்துவிட்டாள்.

"வயலினை விட்டு எவ்வளவு நாளாச்சு அண்ணாச்சி?"

"ஆறேழு மாசம் இருக்கும்மா."

"விட்ட பொறவும் வலி கூடுதுன்னா அதை ஏன் வையுதீய? இந்தா மடியில கெடக்கே போனு, இதை வையுங்க."

எபி போனைக் கவிழ்த்து வைத்தார்.

அன்றே வயலின் நோட்டு வைக்கும் ஸ்டாண்டில், கண்ணுக்கு நேராகப் போன் ஏறியது. பிறகு பயிற்சி. நாடியைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், தோள்பட்டைகளை முதுகுப் பக்கம் நெருக்க வேண்டும், சுவரில் விரல்களாலேயே நடந்து கையை மேலேற்ற வேண்டும். முதலில் விரல் சுவிட்சுப் பெட்டியைத் தாண்டவில்லை.

"பைய ஏறட்டும், வம்பா இழுக்காதீய" என்பாள் ஷஃபீகா. எபி முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார், ஆனால் விடவில்லை. விரல் காலண்டர் ஆணியைத் தொட்ட அன்று, சுவரில் நெற்றியை வைத்து அழுதார். நன்றியில் பாதி, பயத்தில் பாதி. கை திரும்பிவிட்டது, வயலின் அல்லவா போகப்போகிறது!

பண்டிகையன்று வாசித்தார். கடைசி வரிசையில் ஜெசி பக்கத்தில் ஷஃபீகா உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும் எபி வயலினைத் துடைத்து, பூசணிக்காய்க்கும் கால் கட்டிய சேவலுக்கும் நடுவே தன் கையாலேயே வைத்தார்.

"வயலினு... யாரு கேக்கீய?" ஏலம் விட்ட வேதநாயகம் அண்ணாச்சி அதைத் தூக்கிக் காட்டினார். கேட்பதென்றால் கையைத் தூக்க வேண்டும். சேவலுக்கு மல்லுக்கட்டிய கூட்டத்தில் ஒரு கையும் எழும்பவில்லை; எல்லார் கண்ணும் எபிமேல். எபி எழுந்து தன்னால் ஆன தொகையைச் சொன்னார். வலது கை காதை உரசிக்கொண்டு நேரே நிமிர்ந்தது.

ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். எதிர்க்குரலே இல்லை. கை மட்டும் இறங்கவில்லை.

"கைய எறக்கும்வே, வயலின் உமக்குத்தான்!"

"இருக்கட்டும் அண்ணாச்சி," என்றார் எபி, கடைசி வரிசையைப் பார்த்தபடி. "கைய ஏத்திவிட்ட பிள்ள நல்லாப் பாக்கட்டும்."