ஆறு ஆம்பியர் பாயிண்ட்டில் ஹீட்டர்

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் என்பது விதி. அதன்படி ஆறு ஆம்பியர் பிளக் பாயிண்ட், 230 வோல்ட்டில் 1,380 வாட் வரைதான் தாங்கும். மைசூரில் எங்கள் வீட்டுக் குளியலறைக்கு வெளியே அந்தப் பாயிண்ட்தான் இருக்கிறது. புதிதாக வாங்கிய ஹீட்டரோ 2,000 வாட். ஏறக்குறைய ஒன்பது ஆம்பியர் இழுக்கும். பெரிய பாயிண்ட் வேண்டி, கணக்கையும் இணைத்து, குடியிருப்புச் சங்கத்துக்கு முறைப்படி மனு கொடுத்தேன். மனைவியிடம் சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் காலை கருகல் நாற்றம். பெரிய பிளக்கைச் சின்ன பாயிண்ட்டில் செருக உதவும் அடாப்டர் வழியாக மனைவி ஹீட்டரைப் போட்டிருந்தாள். உருகிக்கொண்டிருந்த பாயிண்ட்டை அணைக்க ஈரக் கையை நீட்டினாள். "தொடாதே!" என்று கத்திக்கொண்டே ஓடி மெயினை அணைத்தேன். பிறகுதான் கணக்கையும், சங்கத்துக்கு மனு கொடுத்திருப்பதையும் அவளிடம் சொன்னேன்.

"தினமும் இதுல கை வைக்கிறது நானா, சங்கத்து செக்ரெட்டரியாங்க?" என்றாள்.

இப்போது எந்தக் கணக்கையும் முதலில் அவளிடம்தான் சொல்கிறேன். "மனு பரிசீலனையில் உள்ளது" என்ற சங்கத்தின் பதில், சென்ற திங்கட்கிழமை வந்தது.