பத்துக் குச்சி உரசிப் பார்த்து டாக்டர் தேடியவன்

எனக்குப் படிப்பு மூணாங்கிளாஸ். அதிலும் முழுப்பரீட்சை எழுதவில்லை. அப்படியிருந்தும் கோவில்பட்டியில் ரெண்டு தீப்பெட்டி ஆபீஸ் நடத்தினவன் நான். மருந்து முக்கிக் காய்ந்த குச்சிச் சட்டத்திலிருந்து பத்துக் குச்சியை உருவி உரசுவேன். ஒன்று பற்றாமல் பொசுங்கினாலும் அன்றைய சரக்கு வாசலைத் தாண்டாது. எஞ்சினியரிங் படித்தவன்கூட அண்ணாச்சி கைதான் கை என்பான். ஆளையும் அப்படித்தான் பார்ப்பேன், ரெண்டு நிமிசம் போதும்.

அந்தத் திமிரில்தான் வீட்டுக்காரிக்கு மனநல டாக்டர் தேடப் போனேன். இப்போது நினைத்தாலும் காறித் துப்பத் தோன்றுகிறது.

ஆடி மாதம் எப்போதும்வென்றான் ஊரில் அவள் அக்கா செத்துப்போனாள். அன்றைக்கு இவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பிறகு சோற்றைப் பிசைவாள், வாயில் வைக்கமாட்டாள். ஆபீசில் அறுபது பொம்பிளைகளைத் தொண்டையாலேயே மேய்த்தவள், அவள் சத்தம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும். அவள் நாலு மாதமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரர்கள் வந்து, “வயசாச்சுல்லா, அப்படித்தான் இருக்கும்” என்று காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். கார்த்திகையில் பார்த்தால் இடுப்பில் சேலை ரெண்டு சுற்றுக் கூடிப் போயிருந்தது. இப்படியே விட்டால் பொங்கலுக்கு இருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மற்றவனாக இருந்தால் பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போவான். நான் சாம்பிள் பார்க்காமல் எதையும் வாங்கினதில்லை. அதனால் நானே நோயாளியாகப் போனேன். அவள் வாதையை என் வாதையாகச் சொல்லி டாக்டரை உரசிப் பார்ப்பது என் யோசனை.

முதல் டாக்டரைக் கூட்டத்தைப் பார்த்துப் பிடித்தேன். வாசல் கொள்ளாத செருப்பு. போர்டில் அவர் பேருக்குப் பின்னால் ரெண்டு வரி படிப்பு. மூணு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனேன். பசியில்லை, தூக்கமில்லை என்பதற்குள் சீட்டை எழுதிக் கிழித்துவிட்டார். என் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்றும் கேட்கவில்லை. அடுத்தவனுக்கு மணி அடித்தாயிற்று. சீ, மாட்டாஸ்பத்திரியில்கூட வாலைத் தூக்கிப் பார்ப்பான்.

அவரைச் சொல்லி என்ன? அதைவிட அசிங்கம் நான் செய்தது. இத்தனை கூட்டம் வாங்குகிற மாத்திரை கெட்டதாகவா இருக்கும் என்று, என் பேருக்கு எழுதின மாத்திரையை அவளுக்குக் கொடுத்தேன். ரெண்டு நாள் வாய் பிளந்து தூங்கினாள். பாயிலேயே நீர் போனாள். மூணாம் நாள் பாத்ரூம் வாசலில் விழுந்தாள். தூக்கும்போது ஒரு கோழிக்குஞ்சுப் பாரம். மாத்திரையை நிறுத்தினேன்.

விழுந்த வீக்கத்தைக் காட்ட அவளை எங்கள் சுகர் டாக்டரிடம் கூட்டிப் போனபோது மாத்திரை விசயத்தை மறைத்துவிட்டேன். அவளுக்கு மனசு சரியில்லை என்று மட்டும் சொன்னேன். “வயசானவங்களைப் பொறுமையா பாக்குத டாக்டரம்மா ஒருத்தர் இருக்காங்க” என்று இடம் சொன்னார். போய் எட்டிப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஒரு ரூம், வாசலில் நாலே ஜோடி செருப்பு. போணியாகாத கடை என்று திரும்பிவிட்டேன். இதுதான் என் கணக்கு!

அடுத்து, கவுன்சலிங் என்று கண்ணாடிக் கதவு போட்ட ஒரு இடம். ஏசி, மீன்தொட்டி, டை கட்டின ஒரு பையன். இங்கிலீஷ் ஃபாரத்தை என் மடியில் வைத்து, “தாத்தா, டிக் பண்ணுங்க” என்றான். படிக்கத் தெரியாதென்றதும் செவிடனிடம் கத்துகிற மாதிரி கத்தினான். “தாத்தா! பேரன் பேத்தியோட வெளையாடுங்க! பாசிட்டிவா இருங்க!”

“ஏலே, நீ டாக்டராலே?” என்றேன்.

“இல்ல தாத்தா, கோர்ஸ் முடிச்சிருக்கேன்.”

“மாத்திர எழுதுவியா?”

“அது வேற ஆளு தாத்தா.”

பேசுகிற ஆள் வேறு, மருந்து கொடுக்கிற டாக்டர் வேறு என்பது எழுபத்தொரு வயதில் அங்கேதான் எனக்கு விளங்கியது. பேச வாயே திறக்காதவளை இவனிடம் கூட்டி வந்து என்ன செய்ய?

வேறு வழியில்லாமல் நாலு செருப்பு ரூமுக்குப் போனேன். அங்கேயும் தனியாகத்தான். அதே பாட்டைப் பாடினேன். அந்த அம்மா முழுக்கக் கேட்டார்.

“காலையில என்ன சாப்பிட்டீங்க அண்ணாச்சி?”

“ஆறு இட்லி.” வாய் தவறிவிட்டது.

“நேத்து எப்ப தூங்குனீங்க?”

“படுத்ததும்...”

பேனாவைக் கீழே வைத்தார். “பசியில்லாம இருக்கது யாரு?”

ஐம்பது வருசம் ஆளை அளந்தவனை அந்த அம்மா ரெண்டே கேள்வியில் அளந்துவிட்டார். “அவியளக் கூட்டிட்டு வாங்க. வீட்டுல இருக்க மாத்திர, சீட்டு எல்லாத்தையும் ஒரு பையில அள்ளிட்டு வாங்க.”

மறுநாள் பையைக் கொட்டினார். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, அதற்கடியில் முதல் டாக்டர் எழுதின சீட்டு. எடுத்து வாசித்தார். என் பேர், ஆண், வயது எழுபத்தொன்று. வீட்டுக்காரி மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நாலு மாதத்தில் முதல் தடவை.

“எப்பத்திலேர்ந்து சாப்பாடு புடிக்கலம்மா?” என்று அவளிடம் கேட்டார்.

“ஆடியிலேர்ந்து...” என்றேன் நான்.

“நீங்க வெளிய இருங்க.”

“அவளுக்குச் சொல்ல வராதும்மா, நான் சொல்லுதேன்.”

“இவ்வளவு நாளும் நீங்கதான சொல்லுதீங்க. இன்னைக்கு அவிய சொல்லட்டும்.”

என்னை வெளியே போகச் சொன்ன ஆள் இந்த ஊரில் கிடையாது. போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் அவள் அழுதாள், அக்கா அக்கா என்று. செத்த வீட்டில் அழாத அழுகை. “போதும் எந்திரி, வண்டி நிக்குது” என்று அன்றைக்கு அவள் தோளைப் பிடித்துத் தூக்கியது நான்தான். பெஞ்சில் இருக்கும்போதுதான் அது ஞாபகம் வந்தது. என் கையைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தைராய்டும் குறைவாயிருந்தது. மருந்து குறைந்த அளவில் ஆரம்பிப்போம், வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படுத்தாதீர்கள் என்று அவளிடம் சொன்னார். என்னிடம் அல்ல, அவளிடம்.

வீடு திரும்பும் ஆட்டோ பாதி வழி வந்திருந்தது. அப்போது கேட்டாள்: “ஆம்பள பேருக்கு எழுதுன மாத்திரய எனக்குக் குடுத்தீகளாக்கும்? என்னய என்ன தீக்குச்சின்னு நெனச்சீகளா?” சத்தம் ஏறியது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இப்போது ஒன்றரை இட்லி சாப்பிடுகிறாள். ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை போகிறோம். உள்ளே என்ன பேசுகிறாள் என்று நான் கேட்பதில்லை. யாரும் சொல்லாமலே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.